ஓடும் பிள்ளையின் இதயம்: மாணவர்களுக்கும் இளம் விளையாட்டு வீரர்களுக்குமான இதயப் பரிசோதனை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், பி.டி. ஆசிரியர்கள், காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. படிக்கும்போது ஏதேனும் ஒன்று உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவதாகத் தோன்றினால், அடுத்த பயிற்சிக்கு அனுப்பும் முன் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நன்றாக ஓடி ஆடுகிற பிள்ளைதானே, இதயத்தை எதற்குச் சோதிக்க வேண்டும்?

நன்றாக ஓட முடிகிறது என்பதை வைத்து இதயத்தில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்து அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. கேமரூன் அணியின் நடுக்கள வீரர் மார்க்-விவியன் ஃபோ, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் சரிந்து விழுந்தார். வயது 28. அவருடைய இதயத் தசை பரம்பரை நோயால் தடித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

நைஜீரியாவின் நுவான்கோ கானுவுக்கு நடந்தது வேறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கால்பந்துத் தங்கம் வென்ற கையோடு இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்புக்குப் போனார். அங்கே செய்த மருத்துவச் சோதனையில் அவருடைய பெருந்தமனி வால்வு பழுதாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபடி களமிறங்கி, இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்குப் பல ஆண்டுகள் ஆடினார். பின்னாளில் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் இதய சிகிச்சைக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். அந்தச் சோதனை அவருடைய ஆட்டத்தை நிறுத்தவில்லை, நீட்டித்துக் கொடுத்தது.

பெரியவர்களுக்கு வரும் மாரடைப்பும் இளம் வீரர்கள் இப்படித் திடீரென்று சரிந்து விழுவதும் ஒன்றா?

இல்லை. நடுத்தர வயதில் வருவது பெரும்பாலும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. பள்ளி, கல்லூரி வயதில் அந்த அடைப்பு அரிது. இந்த வயதில் முக்கியக் காரணங்கள் வேறு: பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு, துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் கோளாறு, இதயத் தமனி பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருப்பது, வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து இதயத் தசையில் வரும் அழற்சி. மோட்டார் நன்றாக இருந்தும் வயரிங் பழுதானால் தண்ணீர் ஏறாது அல்லவா, அப்படித்தான். இதயம் தாறுமாறாக அதிரும், ஆனால் ரத்தத்தை வெளியே தள்ளாது. சில நொடிகளில் நினைவு போய்விடும்.

இது எவ்வளவு பேருக்கு நேர்கிறது? பயப்பட வேண்டுமா?

அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் பல ஆண்டுகள் எடுத்த கணக்கு, ஓர் ஆண்டில் சுமார் 50,000 பேரில் ஒருவர் இப்படித் திடீரென்று இறப்பதாகச் சொல்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். கூடைப்பந்து ஆடும் ஆண்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் அடியில் இருக்கும் கோளாறுகள் அவ்வளவு அரிதல்ல. இதயத் தசைத் தடிப்பு 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் 2,000 பேர் படித்தால் நாலைந்து பேர் அப்படி இருக்கக்கூடும். அவர்களில் பெரும்பாலோர் எந்த ஆபத்தும் இல்லாமல் முழு வாழ்க்கை வாழ்வார்கள். பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துக்கொள்ள இது காரணமே அல்ல. விளையாடாமல் வளரும் உடலுக்கு வரும் கேடு இதைவிடப் பல மடங்கு பெரியது.

பரிசோதனை என்றால் என்னென்ன செய்வார்கள்?

முதலில் கேள்விகள், பிறகு மருத்துவர் தொட்டும் கேட்டும் பார்ப்பது, தேவைக்கேற்ப இசிஜி (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதிவது), அதற்கும் மேல் எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படமாகப் பார்க்கும் ஸ்கேன்). மெஷினில்தான் எல்லாம் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பைசா செலவில்லாத அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்பதே என் உறுதியான எண்ணம்.

அமெரிக்க இதயச் சங்கம் இதற்காக 14 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான். ஓடும்போது நெஞ்சு வலித்ததா, இறுக்கிப் பிடித்ததா? காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தது உண்டா? கூட ஆடுபவர்களைவிட மிக அதிகமாக மூச்சு வாங்குகிறதா, சீக்கிரம் சோர்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா? இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று யாராவது எப்போதாவது சொன்னார்களா? ரத்த அழுத்தம் அதிகமாக இருந்ததா? விளையாட வேண்டாம் என்று முன்பு எந்த மருத்துவராவது தடுத்தாரா? நெருங்கிய உறவில் யாராவது 50 வயதுக்குள் இதயக் கோளாறால் திடீரென்று இறந்தார்களா, முடங்கினார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் வீடுகளில் பதில் தவறிப்போகிறது. "மாரடைப்பில் யாரும் சாகவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த சித்தப்பா கிணற்றில் மூழ்கினாரா? ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்த இளைஞன் காலையில் எழவில்லையா, ஊரில் அதைப் பேய் அடித்தது என்று சொன்னார்களா? எதிரே வண்டியே வராத நேரான சாலையில் பைக்கோடு விழுந்து யாராவது இறந்தார்களா? வலிப்பு என்று பல வருடம் மாத்திரை சாப்பிட்டும் நிற்காமல் ஒரு நாள் போய்விட்டவர் உண்டா? கைக்குழந்தை தூக்கத்தில் இறந்ததா? இதயத்தின் மின்கோளாறுகளில் ஒருவகை நீந்தும்போது தாக்கும், இன்னொரு வகை அலாரம் போன்ற திடீர்ச் சத்தத்தில் தாக்கும், வேறு சில தூக்கத்தில் தாக்கும். ஆகவே இந்தச் சாவுகள் எல்லாமே மருத்துவருக்குத் தேவையான தகவல். பாட்டியிடமும் பெரியத்தையிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே வேண்டும்.

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் இதயக் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. வெயிலில் வெகுநேரம் நின்று, காலைச் சாப்பாடும் இல்லாமல், கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சாய்வது சாதாரண மயக்கம். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் தெளிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. 400 மீட்டரின் கடைசி வளைவில், கபடியில் ரெய்டு போகும் நடுவில், நீச்சல் குளத்தில், முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கினால் அது இதயத்திலிருந்து வருகிறது என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபணமாகும் வரை பயிற்சியை நிறுத்த வேண்டும். திடீர்ச் சத்தம் கேட்டோ, கடும் கோபத்திலோ பயத்திலோ விழுவதையும் இதே கணக்கில் சேருங்கள். "சாப்பிடாம வந்தான் சார்", "வெயில் ஒத்துக்கல" என்று சொல்லி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பத்து நிமிடத்தில் மறுபடி ஓடவிடுவதை நம் மைதானங்களில் இன்றும் பார்க்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து பி.டி. ஆசிரியர்கள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டம் முடிந்து சட்டென்று நின்றதும் தலை சுற்றுவது பெரும்பாலும் ரத்தம் காலில் தங்குவதால் வருவது. இருந்தாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் உடலைச் சோதிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்கு மேல் ஒரு நொடி வைத்து எடுப்பது பரிசோதனை ஆகாது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் கேட்க வேண்டும். தசைத் தடிப்பு நோயின் முணுமுணுப்பு எழுந்து நிற்கும்போது கூடும். கையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தொடை இடுக்கில் நாடி பார்ப்பார்கள். அது மெலிந்திருந்தால் பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம்.

உயரமான பிள்ளைகளை இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும். நெடுநெடுவென்று உயரம், அதைவிட நீளமாக விரியும் கைகள், நீண்ட விரல்கள், கூன் விழுந்த முதுகு, குழிந்த அல்லது துருத்திய மார்பு, சிறுவயதிலேயே தடித்த கண்ணாடி: இவையெல்லாம் சேர்ந்தால் மார்ஃபான் நோயைச் சந்தேகிப்பார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்தால், விரல்நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த நோயில் பெருந்தமனி மெல்ல விரிந்து ஒருநாள் கிழியலாம். அமெரிக்க வாலிபால் அணியின் புகழ்பெற்ற வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே இறந்தது இதனால்தான். நாம் உயரத்தைப் பார்த்துத்தான் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் பிள்ளைகளைப் பொறுக்குகிறோம். ஆகவே அந்த அணிகளில் இதைத் தேடிப் பார்ப்பது நம் கடமை.

போட்டிக்கு ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறோமே, போதாதா?

மேலே சொன்னதெல்லாம் செய்து கொடுத்த சான்றிதழ் என்றால் சரி. வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக இருந்தால் அது வெறும் காகிதம்.

இசிஜி எல்லாருக்கும் எடுக்க வேண்டுமா?

இதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. இத்தாலி 1982இல் சட்டமே கொண்டுவந்தது: போட்டிகளில் ஆடுகிற யாராக இருந்தாலும் இசிஜி உள்ளிட்ட சோதனையில் தேறியாக வேண்டும். வெனெட்டோ பகுதியில் எடுத்த கணக்கின்படி, இளம் வீரர்களின் திடீர் இதயச் சாவு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் 3.6 என்றிருந்தது 2004 வாக்கில் 0.4 ஆகக் குறைந்தது. இந்த முடிவு 2006இல் வெளியானதும் உலகமே இத்தாலியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் 1997இல் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்த இஸ்ரேலில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தபோது சொல்லத்தக்க குறைவு இல்லை. அமெரிக்க இதயச் சங்கம் கேள்விகளையும் உடல் சோதனையையும் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறது. இசிஜியை எல்லாருக்கும் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கம் வீரர்களுக்கு இசிஜியும் வேண்டும் என்கிறது.

விளையாட்டு வீரர்களோடு நிற்காமல் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் சோதிக்கும் நாடு ஜப்பான். அங்கே பள்ளி இதயப் பரிசோதனை 1973இல் தொடங்கியது. 1995 முதல் 1, 7, 10ஆம் வகுப்புகளில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இசிஜி கட்டாயம். பல ஆண்டுகளாக இதையே செய்துவருவதால், குழந்தைகளின் இசிஜியைப் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கே ஏராளம்.

நம் ஊருக்கு நான் சொல்வது இது. கேள்விகளும் உடல் சோதனையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். கேள்வி எதற்காவது "ஆம்" என்று பதில் வந்தால் அன்றைக்கே இசிஜி. மாவட்ட, மாநில அளவில் ஆடுகிறவர்களுக்கும், விளையாட்டு விடுதியில் தங்கித் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்களுக்கும் கேள்விகளில் எதுவும் சிக்காவிட்டாலும் ஒரு இசிஜி எடுத்துவிடலாம். தனியாரிடம் சில நூறு ரூபாயில் முடியும். அரசு மருத்துவமனையில் செலவில்லை. வலியும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. மார்பிலும் கைகால்களிலும் பத்து ஒட்டுகள், ஐந்து நிமிட வேலை.

மெஷினே "அப்நார்மல்" என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. என்ன செய்வது?

அந்த வரியைப் படித்துப் பதற வேண்டாம். தினமும் பயிற்சி செய்கிற இதயம் மெதுவாகத் துடிக்கும்; அறைகள் சற்றுப் பெரிதாகும்; இசிஜி அலைகள் உயரமாக இருக்கும். அந்த வரியை அச்சடிக்கும் மென்பொருள் பல நேரம் நடுத்தர வயதுக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 16 வயதுக்குக் கீழே சில இடங்களில் தலைகீழாக விழும் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் பதிவிலும் கடைசியில் வரும் மேடு) இயல்பானதே. பெரியவர்களுக்கு அதே அலை கோளாறு. இந்தக் குழப்பத்தைக் குறைக்க விளையாட்டு வீரர்களின் இசிஜியைப் படிக்கவென்றே 2017இல் சர்வதேச நிபுணர்கள் தனி அளவுகோல் வெளியிட்டார்கள். ஆகவே எடுத்த தாளை, குழந்தைகள் இதய நிபுணரிடமோ வீரர்களைப் பார்த்துப் பழகிய இதய மருத்துவரிடமோ காட்டுங்கள். தாளின் மேலே வயதையும், என்ன விளையாட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இசிஜி நார்மல். இனிக் கவலை இல்லைதானே?

கவலை குறைந்தது, தீரவில்லை. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களுக்கு இசிஜியும் எக்கோவும் சேர்த்தே பார்த்தது. சராசரி வயது 16. திடீர்ச் சாவுக்கு வழிவகுக்கக்கூடிய நோய் 42 பேரிடம் தெரியவந்தது. பலர் சிகிச்சை பெற்று மீண்டும் ஆடினார்கள். ஆனால் அதே கூட்டத்தில் பின்னர் 8 பேர் இதயம் நின்று இறந்தார்கள். அவர்களில் 6 பேருக்குச் சோதனையில் எல்லாமே சரியாக இருந்தது. சோதனைக்கும் சாவுக்கும் நடுவே சராசரியாக 6.8 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, சில நோய்கள் 16 வயதில் தெரியாது, 20 வயதில் தலைகாட்டும். ஒருமுறை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட முடியாது. கேள்விகளை ஆண்டுதோறும் கேளுங்கள். பயிற்சி தீவிரமாகத் தொடர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இசிஜியைத் திரும்ப எடுக்கலாம். இரண்டு, ஓய்வில் எடுக்கும் இசிஜிக்குப் பிடிபடாத கோளாறுகள் உண்டு. தமனி தவறான இடத்தில் கிளம்புவது அப்படி ஒன்று. ஓடும்போதும் உணர்ச்சிவசப்படும்போதும் மட்டும் துடிப்பு சிதறுகிற பரம்பரை நோய் இன்னொன்று. அதை டிரெட்மில் சோதனையில்தான் பிடிக்க முடியும். ஓடும்போது மயங்கிய பிள்ளைக்கு ஓய்வு இசிஜி நார்மல் என்று சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்பினால், ஓட வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எக்கோ?

எல்லாருக்கும் தேவையில்லை. முணுமுணுப்பு கேட்டாலோ, இசிஜி சந்தேகமாக இருந்தாலோ, மார்ஃபான் அடையாளம் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது தசை நோய் இருந்தாலோ கட்டாயம் எடுங்கள்.

பெண் பிள்ளைக்கு இசிஜி எடுக்கச் சங்கடமாக இருக்கிறது. வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்குமே?

முதல் சங்கடம் நியாயமானது. முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டு அழைத்துச் செல்லுங்கள். பெண் டெக்னீஷியன் வேண்டும், திரை வேண்டும், தாய் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. பள்ளியில் முகாம் நடத்துகிறவர்கள் மாணவிகளுக்குத் தனி அறை ஏற்பாடு செய்யாமல் தொடங்கவே கூடாது.

இரண்டாவது பயத்தால், நெஞ்சு படபடக்கிறது என்று மகள் சொல்வதையே கேளாமல் விடும் வீடுகள் இருக்கின்றன. மருத்துவர் கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். ஆனால் சோதிக்காமல் விட்ட வால்வுக் கோளாறு பிற்பாடு பிரசவ நேரத்தில் தாயின் உயிருக்கே ஆபத்தாக வரும். அப்போது சிகிச்சைக்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு.

அரசுப் பள்ளிகளில் இதற்கு ஏற்பாடு இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. தேசிய அளவில் 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கொருமுறை வர வேண்டும். 18 வயது வரை உள்ளவர்களைப் பார்ப்பார்கள். பிறவி இதயக் கோளாறும் ருமாட்டிக் இதய நோயும் அவர்கள் பட்டியலில் உண்டு. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குழு வரும் நாளில் பிள்ளை விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களிடம் உங்கள் வீட்டுச் சாவுகளை எழுதிய அந்தத் தாளையும் கொடுத்தனுப்புங்கள்.

ருமாட்டிக் நோயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பணக்கார நாடுகளின் வழிகாட்டிகளில் இதற்கு அதிக இடம் இருக்காது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஒருவகை பாக்டீரியாவால் தொண்டை புண்ணாகிறது. சரியாகச் சிகிச்சை செய்யாவிட்டால் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு முட்டி, கணுக்கால் என்று மாறி மாறி வீங்கும். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இதய வால்வில் தழும்பு தங்கிவிடும். நெருக்கமாக வாழும் ஏழை வீடுகளின் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். ஆரம்பத்திலேயே பிடித்தால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு, விடாமல் போட்டாலே வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். ஊசி வலிக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடுவதுதான் நாம் காணும் பெரிய துயரம்.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். பிள்ளைக்கு ஆபத்து அதிகமா?

எல்லா நோய்க்கும் இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும் நோய்களுக்கு வாய்ப்புக் கூடும். அதில் ஒன்றை நம் ஊரில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்: பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளில் சிலருக்கு இதயத்தின் மின்கோளாறும் சேர்ந்தே இருக்கும். ஓடும்போதும் பயந்தாலும் மயங்கி விழுவார்கள்; அதை வலிப்பு என்று நினைத்துவிடுவோம். காது கேளாத பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு இசிஜி எடுத்தாக வேண்டும். செவித்திறன் குறைந்தோர் பள்ளிகளின் விளையாட்டு விழாவுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது என்று அது சொன்னது. செய்தியைப் படித்துவிட்டு எல்லாரும் மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். அதைச் சுமக்கும் மிகப் பலர் நலமாகவே இருக்கிறார்கள். பாதிப்பு வந்தாலும் பெரும்பாலும் பிற்காலத்தில்தான். வீட்டில் ஒருவருக்குத் தசை நோய் உறுதியானால், அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இசிஜி, எக்கோ பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

கொரோனாவுக்கும் தடுப்பூசிக்கும் பிறகுதான் இளைஞர்கள் இப்படி இறக்கிறார்களா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் திடீர்ச் சாவுகளை எடுத்து ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், வழக்கத்துக்கு மீறிய கடும் உடலுழைப்பு.

காய்ச்சலைப் பற்றிய எச்சரிக்கை எந்த வைரஸுக்கும் பொருந்தும். டெங்குகூட இதயத் தசையைத் தாக்கலாம். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது, ஃபைனலாக இருந்தாலும் சரி. தெளிந்த பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் இருந்தால் இசிஜி எடுங்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஓய்வு சொல்வார்கள்.

காவலர் தேர்வுக்காக ஓடுகிறேன். எனக்கு ஏதாவது சொல்லுங்கள்.

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் என்பதற்காக, இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து படித்தவர் அறிவிப்பு வந்ததும் முதல் நாளே முழுவேகத்தில் ஓடுகிறார். அதுதான் ஆபத்து. எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரத்துக்கு நாலு நாள் மெதுவாக ஓடத் தொடங்குங்கள். மேலே உள்ள கேள்விகளை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன் எனர்ஜி டிரிங்க், ஜிம்மில் கொடுக்கும் பெயர் தெரியாத பொடி, ஊசி எதையும் தொடாதீர்கள். மயக்கம் வந்ததை மறைத்துத் தேர்வில் ஓடாதீர்கள். மருத்துவத் தேர்வில் கழித்துவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. மறைக்கிற பலருக்கும் இருப்பது எளிதில் தீரக்கூடிய கோளாறுதான்.

கோளாறு இருப்பது தெரிந்தால் விளையாட்டே முடிந்ததா?

பலருக்கு இல்லை. இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்தி அதைச் சுட்டு நிரந்தரமாகத் தீர்க்கலாம். சில வாரத்தில் ஆடலாம். மேலறைச் சுவரில் உள்ள ஓட்டையைப் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்காமலே அடைக்கிறார்கள். சில மின்கோளாறுகளுக்குத் தினசரி மாத்திரை போதும், ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது. தசைத் தடிப்பு உள்ளவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடுத்த காலம் மாறி, இப்போது ஆபத்தை அளந்து, வீரரோடும் குடும்பத்தோடும் பேசி முடிவெடுக்கிறார்கள்.

டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் இதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே மீட்டு, துடிப்பு சிதறினால் தானே மின்அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியை உடலுக்குள் பொருத்தினார்கள். அந்தக் கருவியோடு ஆட இத்தாலி அனுமதிக்காததால் இங்கிலாந்து போய், 2022 உலகக் கோப்பையிலும் ஆடினார். எல்லாருக்கும் இப்படி அமையாது. சிலர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளை அழும்போது "உயிர் இருக்கே, அது போதாதா" என்று வாயை அடைக்காதீர்கள். அவனுக்கு அது பெரிய இழப்பு. ஸ்கோரராக, நடுவராக, பயிற்சியாளரின் உதவியாளாக அணியோடு வைத்திருங்கள்.

கார்க் பந்து மார்பில் பட்டுச் சிலர் இறக்கிறார்களே, அதைச் சோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. நலமான இதயத்துக்கும் அது நேரும். துடிப்பின் நடுவே ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் அடி விழுந்தால் துடிப்பு சிதறிவிடும். அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் 2023 ஜனவரி 2 அன்று இப்படி விழுந்து பிழைத்தார். பிழைத்தது அடுத்த பதிலில் உள்ளதைச் சில நிமிடத்துக்குள் செய்ததால்.

மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் என்ன செய்வது?

யாரும் மோதாமலோ மார்பில் அடிபட்டோ விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்று முடிவு செய்யுங்கள். இங்கே இரண்டு இடத்தில் ஏமாந்துபோகிறோம். இதயம் நின்றவுடன் கைகால் சிலநேரம் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பார்கள், நிமிடங்கள் போய்விடும். இரண்டாவது, வாய் திறந்து விட்டு விட்டு இழுக்கும் ஏக்க மூச்சு. அது மூச்சே அல்ல. 2011இல் ஜப்பானின் சைதாமா நகரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஓட்டப் பயிற்சியில் விழுந்தாள். மூச்சு இருப்பதாக ஆசிரியர்கள் நினைத்தார்கள். சிதறிய துடிப்பை மின்அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஏஇடி கருவி பள்ளியில் இருந்தும் பயன்படுத்தவில்லை. மறுநாள் இறந்தாள். அந்த நகரக் கல்வி வாரியம் அவளுடைய பெற்றோரோடு சேர்ந்து, அவள் பெயரிலேயே ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி உருவாக்கியது. அதன் மையக் கருத்து இதுதான்: மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால், இல்லை என்றே வைத்துக்கொண்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கு.

ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மைதானத்தின் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இன்னொருவர் ஏஇடி எடுக்க ஓடட்டும். நீங்கள் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடியை வைத்து, மேலே மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழ விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தூக்கி உட்காரவைக்க வேண்டாம், ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது.

ஏஇடி கருவியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டால் அதுவே பேசி வழிநடத்தும். படத்தில் காட்டியபடி இரண்டு ஒட்டுகளையும் வெற்று மார்பில் ஒட்டினால், அதிர்ச்சி தேவையா என்று கருவியே முடிவு செய்யும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காது, ஆகவே பயந்து ஒதுங்க வேண்டாம்.

எங்கள் பள்ளியில் ஏஇடி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கருவி விலை ஒரு லட்சத்தை ஒட்டி வரலாம். முன்னாள் மாணவர்களிடமும் ஊர்த் தொழில் நிறுவனங்களிடமும் கேட்டால் கிடைக்கக்கூடிய தொகைதான். வாங்கினால் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டாதீர்கள். மைதானத்திலிருந்து ஒன்றரை நிமிடத்தில் ஓடிப்போய் எடுத்துவரக்கூடிய இடத்தில், பூட்டில்லாமல் வையுங்கள். பேட்டரிக்கும் ஒட்டுகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். பணம் சேரும் வரை காத்திருக்காமல், நெஞ்சை அழுத்தும் பயிற்சியை இந்தப் பருவத்திலேயே ஆசிரியர்களுக்கும் 9ஆம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களுக்கும் கொடுத்துவிடலாம். பக்கத்து அரசு மருத்துவமனையிலோ 108 ஊழியர்களிடமோ கேட்டுப் பாருங்கள். விளையாட்டு விழாவன்று எந்த வாசல் திறந்திருக்கும், யார் போன் செய்வார், யார் அழுத்துவார் என்று நான்கு பெயரை எழுதி, ஒலிபெருக்கி மேசையில் ஒட்டிவையுங்கள்.